ஜெனரேட்டர் அவசியம்தான். அதோட புகைக்குழாய் எங்கே முடியுது?

1) கரண்ட் போனா ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் ஓடியே ஆகணும். 2019 மே 7 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மின்தடை ஏற்பட்டபோது வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டர் ஓடாததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். மருத்துவமனைத் தரப்பு அதை மறுத்தது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பேக்கப் மின்சாரம் இல்லாம ஒரு ஐசியூவை நடத்த முடியாது.

2) "உயிர் காக்குற மெஷினுக்கு எதுக்கு சார் பொல்யூஷன் போர்டு பர்மிஷன்?" என்று சக மருத்துவர்களே கேட்பதுண்டு. அந்த எஞ்சினோட புகை அடுத்த கட்டடத்துல மூச்சுத்திணறலோட படுத்திருக்கறவர் நுரையீரலுக்கும் போகுதே, அதுக்குத்தான்.

3) டீசல் புகையில் என்ன இருக்கு? நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் நுண்துகள்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் மோனாக்சைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையை, புகையிலைப் புகை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் இரண்டுக்குமே உறுதி, அவ்வளவுதான்.

பத்து நிமிஷப் புகையில யாருக்கும் கேன்சர் வந்துடாது, பயப்படாதீங்க. ஆனா ஆஸ்துமா இருக்கற குழந்தைக்கு வீசிங் வர பத்து நிமிஷமே போதும்.

4) சட்டம் என்ன கேட்குது? 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டப்படி, இசைவு தேவைப்படும் மருத்துவமனை போன்ற வளாகங்கள் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை வாங்கணும். முதலில் நிறுவ, பிறகு இயக்க. அந்த ஆணையில் ஒரு அட்டவணை இருக்கும்: எந்த எஞ்சின், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் புகைக்குழாய். எனக்கு அதுல முக்கியமான வரி இதுதான்.

உயரத்துக்குக் கணக்கு ரொம்ப சுலபம். கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி, கட்டடத்தின் உயரத்தோடு கூட்டணும். 100 கேவிஏ என்றால் வர்க்கமூலம் 10, பெருக்கினால் 2. கட்டடம் 10 மீட்டர்னா குழாய் 12 மீட்டர். மொட்டை மாடிக்கு மேல இரண்டு மீட்டர், அவ்வளவுதான்.

5) இப்ப நம்ம திருச்சிக்கு வாங்க. தில்லைநகர் கிராஸ் தெருக்கள், புத்தூர் பக்கம் எல்லாம் கிளினிக், ஸ்கேன் சென்டர், லேப், அபார்ட்மென்ட் என்று சுவரோடு சுவர். ஸ்ரீரங்கத்துல உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகள் அதைவிட நெருக்கம். இந்த மாதிரி இடத்துல குழாய் ஆள் உயரத்துல முடிஞ்சா, புகை நேரா எதிர்வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும். தேசிய தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 131 நகரங்களில் திருச்சியும் ஒன்று என்பதையும் மறந்துடாதீங்க.

6) "சின்ன கிளினிக் வெச்சிருக்கறவர் இந்த ஃபைலுக்கு எத்தனை தடவை அலையறது?" நியாயமான கேள்வி. விண்ணப்பம் தமிழில், ஒரே பக்கத்தில், மாதிரி வரைபடத்தோட இருக்கட்டும். நடைமுறையை எவ்வளவு வேணும்னாலும் எளிமையாக்கலாம். குழாய் உயரத்துல மட்டும் சலுகை கூடாது.

என் கோரிக்கை இன்னொண்ணும் இருக்கு. இசைவாணை பீரோவுக்குள்ள இருந்தா பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பிரயோஜனம்? ஜெனரேட்டரின் கேவிஏ, அனுமதித்த குழாய் உயரம் இரண்டையும் வாசல் போர்டுல எழுதி வைக்கணும். அரசு மருத்துவமனைகளான நாங்க இதை முதல்ல செஞ்சு காட்டணும். அப்பதான் தனியாரைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

7) நீங்க செய்யக்கூடியவை:

• உங்க அபார்ட்மென்ட், கல்யாண மண்டபம், பக்கத்து கிளினிக்னு எங்க ஜெனரேட்டர் இருந்தாலும் குழாய் எங்கே முடியுதுன்னு ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

• புதுசா வாங்கறீங்களா? 800 கிலோவாட் வரையிலான செட்டுகளுக்கு 2023 ஜூலை 1 முதல் கடுமையான புதிய புகை வரம்பு அமலில் இருக்கு. அதன்படி தயாரானதுதானா என்று கேட்டு வாங்குங்க. சத்தம் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

• டெஸ்ட் ரன்னை ஓபி நேரத்துல, பள்ளிக்கூடம் விடற நேரத்துல வைக்காதீங்க.

• முதல்ல நேர்ல போய்ப் பேசுங்க. "ஜெனரேட்டரை நிறுத்துங்க"ன்னு சொல்லாதீங்க, "குழாயை உயர்த்துங்க"ன்னு கேளுங்க. நடக்கலைன்னா மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்க.

• எவ்வளவு சின்ன ஜெனரேட்டரா இருந்தாலும் வீட்டுக்குள்ளயோ, ஷட்டர் போட்ட கடைக்குள்ளயோ ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தா உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108-ஐ அழைங்க.

8) ஐசியூவுல ஒருத்தர் மூச்சைக் காப்பாத்த ஓடற எஞ்சின், அடுத்த தெருவுல இன்னொருத்தர் மூச்சை அடைக்கக் கூடாது. அதுக்கு ஆகற செலவு பல கட்டடங்கள்ல சில மீட்டர் இரும்புக் குழாய்தான்.

அரசு மருத்துவர், திருச்சி