ஸ்டென்ட் கோவையில், மாத்திரை யார் பொறுப்பில்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது நல்லேப்பிள்ளி. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. வேலந்தாவளம் தாண்டினால் கோவை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், நெஞ்சுவலி என்றால் பலர் கோவை மருத்துவமனைகளைத்தான் நினைக்கிறார்கள். ஆஞ்சியோ, ஸ்டென்ட், சில நாள் படுக்கை, பிறகு ஊர். ‘அடைப்பை எடுத்தாச்சு’ என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள். சிக்கல் தொடங்குவது அந்த நிம்மதியில்தான்.

அடைப்பு எங்கும் போகவில்லை

ஸ்டென்ட் எந்தக் கொழுப்பையும் வெளியே எடுப்பதில்லை. குழாய் குறுகிய இடத்தில் படிவைச் சுவரோடு அழுத்தி, ரத்தம் ஓட வழிவிடுகிறது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அது உயிர்காக்கும் சிகிச்சை. அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், ரத்தக்குழாய்த் தடிப்பு ஓரிடத்து நோயல்ல. இதயத்தில் ஒரு குழாயைச் சுருக்கிய அதே படிவு கழுத்திலும் சிறுநீரகத்திலும் காலிலும் சேர்ந்துகொண்டிருக்கலாம். தவிர, மாரடைப்புகள் பலவும் 90% அடைப்பால் வருவதில்லை. ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரியாத ஒரு படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன.

மாரடைப்பு வராத, நோய் நிலையாக உள்ளவர்களிடம் ஸ்டென்ட் என்ன செய்கிறது என்பதை இரண்டு பெரிய ஆய்வுகள் சோதித்தன. 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில், மாத்திரையோடு ஸ்டென்ட்டும் பெற்றவர்களுக்கும் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே மரணத்திலோ மாரடைப்பிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இந்தியா உள்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த ‘இஸ்கீமியா’ ஆய்வும் (2020) ஏறக்குறைய அதையே சொன்னது. நெஞ்சுவலி குறைவது ஸ்டென்ட்டின் பலன். ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தினசரி மாத்திரைகள்தான்.

மாத்திரை தரும் நம்பிக்கை

இந்த நோயோடு வாழ்பவர்களின் எதிர்காலம் இருண்டதல்ல. 1994இல் ஸ்கான்டிநேவிய நாடுகளின் ‘4எஸ்’ ஆய்வு, இதய நோயாளிகள் 4,444 பேரைக் கொண்டு ஒன்றை நிறுவியது: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை மரணத்தை 30% குறைக்கிறது. அதன் பிறகு திரண்ட ஆய்வுகளின்படி, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஏறத்தாழ 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைகின்றன. எல்.டி.எல்.லை ஆழமாக இறக்கினால், படிவு கொஞ்சம் சுருங்குவதையும் குழாய்க்குள் செலுத்தும் ஸ்கேன் காட்டியிருக்கிறது. ஏற்கெனவே இதய நோய் வந்தவர்கள் எல்.டி.எல்.லை 55க்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்கிறது, இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி. கேரளத்துக்கு இந்த எண் இன்னும் முக்கியம். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வில், கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களின் விகிதம் நாட்டிலேயே அதிகமாக இருந்தது அங்குதான்: 50.3%.

ஏன் நிறுத்துகிறார்கள்?

மருந்து இருக்கிறது, விலையும் குறைவு. ஆனாலும் வாயில் போய்ச் சேர்வதில்லை. 2011இல் வெளியான ‘ப்யூர்’ ஆய்வு, இந்தியா இடம்பெற்ற குறைந்த வருமான நாடுகளின் பிரிவில், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 3.3% பேர் மட்டுமே ஸ்டாடின் எடுப்பதைக் கண்டது. நிலைமை அன்றைக்கு இருந்ததைவிட இன்று மேம்பட்டிருக்கலாம். ஆனால், காரணங்கள் மாறவில்லை. உடம்பில் தொந்தரவு எதுவும் தெரியாதபோது மாத்திரை வீண்செலவாகப் படுகிறது. ‘தொடர்ந்து போட்டால் கிட்னி கெட்டுவிடும்’ என்று பக்கத்து வீட்டார் எச்சரிக்கிறார்கள். தசைவலி வந்தால் பழி ஸ்டாடின்மீது விழுகிறது. பக்கவிளைவால் ஸ்டாடினைக் கைவிட்ட 60 பேரிடம் லண்டனில் நடந்த ‘சாம்சன்’ ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த மாதங்களிலும் அதே தொந்தரவில் 90% இருந்தது. உண்மையைச் சொன்ன பிறகு பாதிப் பேர் மீண்டும் ஸ்டாடினுக்குத் திரும்பினார்கள். உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருந்தால் மாத்திரை தொடரும் என்பதே இதன் பாடம்.

ஸ்டாடின் மட்டுமல்ல, ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரைகளும் அவசியம். முதல் மாதங்களில் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிர் போகலாம்.

இரண்டு நல்ல அமைப்புகள், நடுவே ஓர் எல்லை

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ‘ஆர்த்ரம்’ இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக உயர்த்தியது. ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். இரண்டுமே நல்ல ஏற்பாடுகள். ஆனால், ஒவ்வொன்றும் தன் மாநில எல்லைக்குள் பார்க்கிறது. கோவையில் ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவரைப் பற்றி அவருடைய பஞ்சாயத்தின் மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆங்கிலத்தில் அச்சான டிஸ்சார்ஜ் சம்மரி பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது. அதிலுள்ள பிராண்டு பெயரும் அரசு மையம் தரும் மாத்திரையின் பெயரும் வேறாக இருந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று நோயாளிக்குத் தெரியாது.

‘மாத்திரை போடுவது நோயாளியின் சொந்தப் பொறுப்பு; ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோவைக்கு வந்து காட்டட்டும்’ என்று சொல்லலாம். பொறுப்பு அவருடையதுதான். ஆனால், கூலிக்குப் போகிறவருக்கு ஒரு பரிசோதனை என்பது பேருந்துச் செலவும் ஒருநாள் சம்பள இழப்பும். தவிர, துணை இருந்தால் பொறுப்பு கூடுகிறது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 14 மருத்துவமனைகளில் நடந்த ‘ஸ்பிரெட்’ ஆய்வில் (2016), சுகாதாரப் பணியாளர்கள் தொடர்ந்து பேசிவந்த நோயாளிகளில் 97% பேர் ஓராண்டுக்குப் பிறகும் மருந்தைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களில் 92%. புகையிலையை விட்டவர்களும் முதல் குழுவில்தான் அதிகம்.

சங்கிலி போட்டால் உயிர் பிழைக்கும் என்பதைக் கோவையே காட்டியிருக்கிறது. கோவை மருத்துவ மையத்தின் இதயவியலாளர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ‘ஸ்டெமி’ திட்டம், சிறு மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தது. 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில், ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவரப் போட்ட சங்கிலி, அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பும்போதும் வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலாவது, டிஸ்சார்ஜின்போது தமிழிலோ மலையாளத்திலோ ஒரே ஒரு பக்கம்: மருந்தின் பொதுப்பெயர், எதற்காக, எத்தனை காலம், எல்.டி.எல். இலக்கு. இரண்டாவது, நோயாளியின் சம்மதத்தோடு அதன் நகல் உள்ளூர் மையத்துக்கு. அதற்கு ‘ஆபா’ சுகாதார எண்ணைப் பயன்படுத்தலாம். மூன்றாவது, ஸ்டென்ட் வைத்தவர்களின் பட்டியல் ஆஷா பணியாளரிடம் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஒரு கொழுப்புப் பரிசோதனையும் உள்ளூர் மையத்திலேயே நடக்க வேண்டும்.

நான்காவது, அவசர நேரத்துக்கான எச்சரிக்கை. 2008இல் வெளியான ‘கிரியேட்’ பதிவேட்டின்படி, மாரடைப்பு வந்தவர் மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். நெஞ்சுவலியோடு எல்லை தாண்டிக் காரில் விரைவதைவிட, 108ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுப்பதே முதல் வேலை. தேவைப்பட்டால் உறைவைக் கரைக்கும் ஊசியும் அங்கேயே போடப்படலாம். கோவைப் பயணம் அதற்குப் பிறகு.

இவற்றில் எதற்கும் புதிய கட்டிடமோ இயந்திரமோ வேண்டாம். பாலக்காடு, கோவை மாவட்டச் சுகாதார நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசி, ஒரு படிவத்தை ஒப்புக்கொண்டாலே தொடங்கிவிடலாம். எத்தனை ஸ்டென்ட் வைத்தோம் என்று மருத்துவமனைகள் கணக்குச் சொல்கின்றன. ஓராண்டு கழித்து, ஸ்டென்ட் வைத்தவர்களில் எத்தனை பேருக்கு எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்கிறது என்ற கணக்கையும் இரு மாநிலங்களும் கேட்கத் தொடங்க வேண்டும்.