குதிகால் ரத்தமும் குளுக்கோமீட்டர் கணக்கும்

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். டேலி ஆகாத கணக்கைப் பார்த்தால் எங்களுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்!

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் சில நொடிகளில் சர்க்கரை அளவு வந்துவிடும். பனமலையில் தாத்தாக்கள் அலமாரியில் வைத்திருக்கிறார்களே, அதே மாதிரி மெஷின்தான். ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரத்தின்படி (2013), 100-க்குக் கீழே இருந்தால் அது 15 மி.கி. கூடவோ குறையவோ காட்டலாம். அந்தத் தரமே வீட்டில் தாங்களாகப் பார்த்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்காக எழுதப்பட்டது. தாத்தாவுக்கு 90 என்பது 75 ஆக இருந்தால் ஒன்றும் ஆகாது. பச்சைக் குழந்தைக்கு 50 என்று காட்டி, நிஜத்தில் 35 இருந்தால்? 40, 45-க்குக் கீழே போனாலே மூளைக்கு ஆபத்து என்று டாக்டர்கள் பதறும் வயசு அது.

இதைவிட மோசமான கதை கேலக்டோசீமியா. அரிதான பரம்பரை நோய். பாலில் இருக்கும் லாக்டோஸ் குடலில் குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். இந்தக் குழந்தைகளால் கேலக்டோஸைச் செரித்து முடிக்க முடியாது; அது ரத்தத்தில் தேங்கும், கல்லீரல் கெடும், குளுக்கோஸ் இறங்கும். சில ஸ்ட்ரிப்களில் ஜி.டி.ஹெச்-பி.க்யூ.க்யூ. என்றொரு என்சைம் உண்டு. அதற்கு இரண்டு சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. கூட்டிப்போட்டு "நார்மல்" என்று காட்டிவிடும். வரவேண்டிய பாக்கியையும் கையிருப்பு ரொக்கத்தில் எழுதின மாதிரி. குழந்தை துவண்டு கிடக்கும், மெஷின் சிரிக்கும் :(

இதே என்சைம் மால்டோஸிடமும் ஏமாறும். 1997 முதல் 2009 வரை இதனால் 13 பேர் இறந்ததாகத் தகவல் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2009-ல் எச்சரித்தது. அதில் முக்கியமாகப் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் அல்ல, டயாலிசிஸ் நோயாளிகள். பாடம் ஒன்றுதான்.

லேப் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், லேப் முறை கேலக்டோஸிடம் ஏமாறாது. ஆனால் ரத்தக்குழாய் மேஜையில் காத்துக் கிடந்தால், ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். அதனால் எடுத்த உடனே ஓட வேண்டும்.

நம் அரசு 2021-ல் குளுக்கோமீட்டருக்கு வியாபார லாப வரம்பு போட்டது. நல்ல விஷயம். ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. பிரசவ வார்டுக்கு ஸ்ட்ரிப் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் "கேலக்டோஸால் ஏமாறாத என்சைம்" என்ற ஒரு வரி இருந்தாக வேண்டும். டப்பாவின் மேலேயும் அதைத் தமிழில், பெரிய எழுத்தில் போடலாம். உள்ளே மடித்து வைத்த பொடி எழுத்துக் காகிதத்தை ராத்திரி இரண்டு மணிக்கு எந்த நர்ஸ் அக்கா பிரித்துப் படிப்பார்?