தண்டனைக்கு முடிவு உண்டு, பதிவுக்கு முடிவு கிடையாதா?



குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனுக்காக ஓர் உரிமை இயக்கம் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலிலேயே சொல்லிவிடுகிறோம், கேமரன் மலைச் சாலையில் போதையோடு ஸ்டீயரிங் பிடிப்பவனுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. எதிரே வருவது பள்ளிப் பேருந்தாக இருக்கலாம், உங்கள் பிள்ளையே அதில் இருக்கலாம். தண்டியுங்கள். லைசென்சைப் பறியுங்கள். எங்கள் கேள்வி அதற்குப் பிறகு வருவது. அபராதம் கட்டி, சிறையும் இருந்து, லைசென்ஸ் இல்லாத காலமெல்லாம் நடந்தே திரிந்து, அதன்பின் பத்து வருடம் ஒழுங்காக வாழ்ந்தவன் எந்தத் தேதியில் மறுபடியும் மற்றவர்களைப் போல ஒரு மனிதனாகிறான்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, அக்டோபர் 23 முதல் அமலுக்கு வந்தது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்றிருந்த வரம்பு 50ஆக இறங்கியது. வரம்பைத் தாண்டினால், யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும், முதல் முறைக்கே 10,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டு லைசென்ஸ் பறிப்பு. உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை. உயிர்ப்பலி வழக்கைப் பற்றி நாங்கள் இங்கே பேசவில்லை. காயமின்றி, சாலைத் தடுப்பில் ஊதச் சொல்லிப் பிடிபட்டவனைப் பற்றித்தான் பேச்சு.

2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தக் கணக்கில் மிகக் குறைந்த அபராதமே கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம். கோலாலம்பூரில் சொகுசுக் கார் வைத்திருப்பவனுக்கு அது ஒரு விருந்துச் செலவு. தானா ராத்தாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவனுக்கோ மனைவியின் தாலிக்கொடி!

சரி, கட்டிவிட்டான். முடிந்ததா? முடியவில்லை. இரண்டாம் முறை பிடிபட்டால் தண்டனை இன்னும் கூடும் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படியென்றால் முதல் முறையின் பதிவு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்றுதானே பொருள்? இருக்கட்டும். மறுபடியும் குடித்து ஓட்டுகிறவனைப் பிடிக்க அது வேண்டும். ஆனால் அதே பதிவு அவன் வேலை தேடும்போதும் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

நம்மவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் பாட்டன்மார் காடழித்து நட்ட தேயிலையில் இன்று கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லயத்தை விட்டு வெளியே வந்த நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது லோரி, சுற்றுலா வேன், லேண்ட்ரோவர். சமவெளிக்கு இறங்கினால் பாதுகாவலர் வேலை, இல்லையென்றால் கிராப். பாதுகாவலர் ஆக வேண்டுமென்றால் போலீஸ் சோதனை. 2019 முதல் கிராப் போன்ற வண்டிகளை ஓட்டவும் பிஎஸ்வி லைசென்ஸ் வேண்டும், அதற்கும் பின்னணிச் சோதனை. வெளிநாடு போகலாம் என்றால் விஸ்மா புத்ராவின் நன்னடத்தைச் சான்றிதழ். நம் இளைஞனுக்குத் திறந்திருக்கும் நாலைந்து கதவுகள் ஒவ்வொன்றிலும் ஒருவர் பழைய கோப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

குற்றப் பதிவுகளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. 1969ஆம் ஆண்டின் 'குற்றவாளிகள், விரும்பத்தகாதவர்கள் பதிவுச் சட்டம்'. பெயரைக் கவனித்தீர்களா? விரும்பத்தகாதவர்கள்! யாரால் விரும்பப்படாதவர்கள்? எப்படிப் பதிவது, எப்படிக் கைரேகை எடுப்பது என்றெல்லாம் எழுதியவர்கள், தண்டனையை முடித்து ஒழுங்காக வாழ்கிறவனின் பதிவு இத்தனை ஆண்டில் தானாகச் செல்லாமல் போகும் என்று ஒரு வரி எழுதவில்லை.

அரச மன்னிப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 42ஆவது விதி. குற்றம் எந்த மாநிலத்தில் நடந்ததோ அந்த மாநில ஆட்சியாளரிடம் போக வேண்டும். ரிங்லெட்டில் பிடிபட்டவன் பகாங் சுல்தானிடம். அதே சாலையில் எல்லையைத் தாண்டித் தாப்பா பக்கம் பிடிபட்டவன் பேராக் சுல்தானிடம். சட்டத்துறைத் தலைவரும் மந்திரி பெசாரும் மேலும் சிலரும் அமர்ந்த வாரியம் ஆலோசனை சொல்லும். பெரிய மனிதர்களின் மன்னிப்பு மனுக்களை நாளிதழ்களில் முதல் பக்கத்தில் படித்திருப்பீர்கள். லயத்து வீட்டில் பிறந்த ஒரு லோரி டிரைவர், பழைய போதை வழக்குக்காக அந்த வாசலை எட்டுவான் என்று நம்புகிறீர்களா? மன்னிப்பு என்பது கருணை. கருணை கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நாம் கேட்பது உரிமை.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். சிங்கப்பூர் 2005இல் தன் சட்டத்தைத் திருத்தியது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 டாலருக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், ஐந்து ஆண்டு குற்றமின்றி இருந்தால், சில விலக்குகள் தவிர, அந்தப் பதிவு காலாவதியாகிவிடும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நமக்குச் சட்டம் கற்றுக்கொடுத்த பிரிட்டன் 1974லேயே இதைச் செய்துவிட்டது. நம் உறவுகள் நிறைந்த கனடாவில், குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவரும் வழக்கின் தன்மையைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து ஆண்டு கழித்துப் பரோல் வாரியத்திடம் பதிவை இடைநிறுத்தக் கேட்கலாம். 644 டாலராக இருந்த கட்டணத்தை 2022 ஜனவரியில் 50 டாலராக இறக்கினார்கள். கனடாவைப் புகழ இதைச் சொல்லவில்லை. குடியுரிமை பெறாத நம்மவர்களை இதே குற்றத்துக்காக நாட்டைவிட்டே அனுப்பும் அபாயத்தை 2018 டிசம்பரில் கொண்டுவந்ததும் அவர்கள்தான். ஆனால் ஏழையும் கட்டக்கூடிய ஒரு கட்டணமும் எண்ணிக் காத்திருக்க ஒரு கெடுவும் அங்கே இருக்கின்றன.

இந்தச் சமூகத்துக்குக் குடியைக் கொடுத்தது யார் என்பதையும் பேசியாக வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை வைத்தது வெள்ளைத் துரைமார் காலம். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை. பதிலாகக் கிடைத்தது நாதனுக்கு நாடுகடத்தல், தொழிலாளிக்குத் துப்பாக்கி. கள்ளுக்குப் பின் மலிவுச் சம்சு வந்தது. இதைச் சாக்காகச் சொல்லி இன்று யாரும் குடித்து ஓட்டக்கூடாது. ஆனால் 'இந்தியன் என்றாலே குடிகாரன்' என்று சிரிக்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கட்டும்.

இனி உங்கள் வீட்டில் ஒருவர் பிடிபட்டால் என்ன செய்வீர்கள்? 'ஒப்புக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும்' என்று லோக்காப் வாசலில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்! ஒப்புக்கொள்வது தவறில்லை, வக்கீலோடு பேசாமல் ஒப்புக்கொள்வதுதான் தவறு. கைதானவரை விசாரிக்கும் முன் உறவினரையும் வக்கீலையும் தொடர்புகொள்ளும் உரிமையைப் போலீஸ் சொல்லியாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு அது. கையில் காசில்லாத குடிமக்களுக்காக 2012 முதல் தேசிய சட்ட உதவி அறவாரியமான ஒய்பிஜிகே இயங்குகிறது. தீர்ப்பில் குறை இருந்தால் மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான் கெடு, தீபாவளி கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறு குற்றங்களுக்கு 173ஏ பிரிவைப் பற்றியும் வக்கீலிடம் கேளுங்கள். ஆளின் வயது, நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பைப் பதியாமலே எச்சரித்து விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதில் இடமுண்டு. போதை வழக்கில் அதை எளிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் கைகலப்பு போன்ற சில்லறை வழக்கில் நம் பிள்ளைகள் அதைக் கேட்கக்கூடத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

அபராத ரசீது, தீர்ப்பு நகல், லைசென்ஸ் திரும்பக் கிடைத்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். தேர்தல் வந்தால் கேமரன் மலைக்கு அரிசிப் பையும் வரும், வேட்பாளரும் வருவார். அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள், அது நம் வரிப்பணம். வாங்கிய கையோடு கேளுங்கள்: "ஐயா, தண்டனையை முடித்து ஒழுங்காக வாழ்கிறவனின் பதிவு எத்தனை ஆண்டில் மூடப்பட வேண்டும்? எண்ணைச் சொல்லுங்கள். அதை நாடாளுமன்றத்தில் எப்போது கேட்பீர்கள்?"