ஒரு வாழைப்பழம்

சென்ற ஞாயிறு வைகறையில் நாமும் நம் இல்லாளும் கோவையிலிருந்து மோட்டாரில் வால்பாறைக்குப் புறப்பட்டோம். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆழியாறு அணை இவற்றைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. 9-வது வளைவில் நின்று நோக்கினால், கீழே ஆழியாற்று நீர் கண்ணாடிபோல் கிடக்கிறது. பக்கத்துப் பாறைச் சரிவில் வரையாடுகள் அச்சமின்றி மேய்கின்றன. கண் குளிரக் கண்டோம்.

வால்பாறையை நெருங்குகையில், புதுத்தோட்டத்தருகே சிங்கவால் குரங்குகள் சில சாலையோரம் வந்து நின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. மனமிரங்கி நாம் ஒரு வாழைப்பழத்தை எடுத்தோம். இல்லாள் நம் கையைப் பற்றி, "மேலே பாருங்கள்" என்றாள்.

சாலையின் இருபுறத்து மரங்களையும் இணைத்து ஒரு தொங்கு பாலம்! சாலையில் இறங்கி வண்டிகளில் அடிபட்டு மாளாதிருக்கும் பொருட்டு, காட்டுயிர் அன்பர்கள் குரங்குகளுக்கென்றே அமைத்தது.

"அவர்கள் மேலே போகச் சொல்கிறார்கள், நீங்கள் கீழே அழைக்கிறீர்களே!" என்றாள்.

இருபது ஆண்டுகளாகப் பிறருக்குப் பாடம் சொல்லிவரும் நாம் அன்று பாடம் கேட்டோம். பழத்தை உரித்து நாமே உண்டோம்.

மலையேறும் நேயர்களே! வண்டியை மெல்ல ஓட்டுங்கள். பழத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். காட்டு ஜீவனுக்கு நாம் செய்யத்தக்க உபசாரம் அதுவே.