வேகம் பெரிதா, வாய்மை பெரிதா?

ஒரு கணினிக்குள் பல கணினிகளைக் குடியேற்றும் கலை இன்று நம் ஆய்வுக்கூடங்களிலும் பரவிவிட்டது. இவ்வாறு குடியேறும் மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும், தனக்கெனத் தனி வட்டு ஒன்று இருப்பதாகவே நம்புகிறது. அந்த வட்டோ, பல வேளைகளில், தாய்க்கணினியில் உள்ள ஒரு கோப்புதான்! இந்த நம்பிக்கையைக் காக்கும் நிரலே பிளாக் டிரைவர். விருந்தாளியிடம் ஒரு பாதியும் தாய்க்கணினியில் மறு பாதியுமாக அது இயங்குகிறது. அதை வடிவமைப்போர் முதலில் கருத வேண்டியது எது?

வேகமே என்பர் பலர். அதற்குக் காரணம் உண்டு. பழைய ஐடிஇ வட்டைப்போல் நடிக்கும் முறையில், ஒரு வேண்டுகோளுக்கே பல ரெஜிஸ்டர்களில் எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் விருந்தாளியின் வேலை நின்று தொடரும். ரஸ்டி ரஸல் 2008இல் விளக்கிய விர்ட்ஐஓ முறை இந்த அலைச்சலைக் குறைத்தது. இருவரும் காணும் நினைவகத்தில் வேண்டுகோள்களை வரிசையாக வைத்து, ஒருமுறை மணியடித்தால் போதும். போற்றத்தக்க முறைதான்.

ஆனால், 'எழுதியாயிற்று' என்று டிரைவர் சொல்கிறதே, அதன் பொருள் என்ன? வட்டில் பதிந்ததா? தாய்க்கணினியின் நினைவகத்தில் காத்திருக்கிறதா? மின்சாரம் நின்றால் பின்னது அழியும். இதற்காகவே ஃபிளஷ் என்னும் கட்டளை அமைந்தது. அதுவரை எழுதி முடித்தவற்றை நிலையாகப் பதித்த பின்னரே அதற்கு விடை கூற வேண்டும். கியூஇஎம்யூவில் 'அன்சேஃப்' என்றொரு கேஷ் முறை உண்டு. அது இக்கட்டளையைப் பொருட்படுத்துவதில்லை. தூக்கி எறியும் சோதனைகளுக்கு அது உதவலாம். பிறர் உழைப்பைக் காக்க உதவாது.

'மின்சாரம் நிற்பது என்றோ ஒருநாள். அதற்காக அன்றாடம் தாமதத்தைச் சுமப்பதா?' என்று கேட்கலாம். வேகம் குறைந்தால் உடனே தெரியும், திருத்திக்கொள்ளலாம். பொய்யோ, இழப்பு வந்த பின்னரே தெரியும். எழுதும் ஒழுங்கு குலைந்தால் கடைசி வரி மட்டுமா போகும்? கோப்பு முறைமையே சிதையலாம். மேலும், வேகமும் வாய்மையும் பகையல்ல. பல எழுத்துகளுக்குச் சேர்த்து ஒரே ஃபிளஷ் அனுப்பும் வழியும் இருக்கிறது.

நண்பர்களே! நம் மாணவர் ஆய்வுகளில் நொடிக்கு எத்தனை வேண்டுகோள் என்று மட்டும் அளந்து மதிப்பெண் பெறுகிறோம். இது போதாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். மெய்நிகர் கணினியை மட்டும் நிறுத்துவது சோதனையாகாது. தாய்க்கணினியின் நினைவகம் அப்போதும் உயிரோடிருக்கும். தாய்க்கணினியே அணைந்து எழுந்த பின்னும் கொடுத்த சொல் நிற்கிறதா? நின்றால், பிறகு வேகத்தைப் பேசுவோம்.