தோட்ட வீட்டுக்குப் பாரத்தில் ஒரு கட்டம்

அரசாங்க உதவி பலவும் இப்போது கைப்பேசித் திரை வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கப்பட்ட ‘பாடு’ எனும் முதன்மைத் தரவுத் தளம் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு மார்ச் 31 வரை நாடு முழுவதும் மக்கள் தங்கள் முகவரி, வருமானம், குடும்ப விவரங்களை அதில் புதுப்பித்தார்கள். உதவியும் மானியமும் யாருக்குச் சேர வேண்டும் என்று முடிவு செய்ய அந்தத் தரவு பயன்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அப்படியானால், திரையில் எந்தக் கேள்வி இருக்கிறது, எந்தக் கேள்வி இல்லை என்பது சின்ன விஷயம் அல்ல. நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களுக்கு அது இன்னும் பெரிய விஷயம்.

அந்தத் திரை எப்படி உருவாகிறது? தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். கிராணி முதலில் கட்டங்களைப் போடுகிறார்: பெயர், தேதி, செய்த வேலை, எடை. பிறகுதான் ஆட்களின் விவரம் அதில் ஏறுகிறது. கட்டத்தில் ஏறியது சம்பளக் கணக்கில் வரும். கட்டமே இல்லாத வேலை எவ்வளவு செய்தாலும் கணக்கில் வராது.

இன்றைய இணையப் பாரங்கள் பல இதே முறையில் பிறக்கின்றன. முன்பெல்லாம் நிரலாளர் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதினார். இப்போது முதலில் ஒரு தரவு வரையறை எழுதப்படுகிறது. ‘இது பெயர், எழுத்துகள் மட்டும், இது பிறந்த தேதி, கட்டாயம், இது மாநிலம், இந்தப் பட்டியலிலிருந்து ஒன்று’ என்று வரிசையாகச் சொல்லும் ஒரு கோப்பு அது. ‘ஜேசன் ஸ்கீமா’ என்பது அப்படி எழுத உதவும் பொது முறைகளில் ஒன்று. மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்து, பெட்டிகளையும் பட்டியல்களையும் பிழைச் செய்திகளையும் தானாகவே திரையில் வரைந்துவிடும். பதில் மாறும்போது திரையும் உடனே மாறும். ‘திருமணமானவர்’ என்று தொட்டவுடன் துணைவரின் பெயர் கேட்கும் கட்டம் முளைப்பது இப்படித்தான். 2013-இல் பேஸ்புக் நிறுவனம் எல்லாருக்கும் திறந்துவிட்ட ‘ரியாக்ட்’ போன்ற கருவிகள் இந்த வேலையை எளிதாக்கின.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. புள்ளிவிவரத் துறையும் மற்ற அமைப்புகளும் தரவுகளை வெளியிடும் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தின் நிரல் ‘கிட்ஹப்’பில் பொதுவில் கிடக்கிறது. அதன் திரைப்பகுதி ரியாக்ட்டின் மேல் அமைந்த ‘நெக்ஸ்ட்’ கருவியால் செய்யப்பட்டது. எந்தத் தரவுக்கு என்ன தலைப்பு, என்ன விளக்கம் என்று சொல்லும் வரையறைக் கோப்புகள் தனியாக இருக்கின்றன. தலைப்பு ஆங்கிலத்தில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி. கணினி படிக்கும் மாணவர் எவரும் அவற்றைத் திறந்து வாசிக்கலாம்.

இனி தோட்டத்துக்கு வருவோம். சுவா பெத்தோங், லாபு, ஜெராம் பாடாங் என எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் அங்கே வீட்டின் அடையாளம் தெருப் பெயர் அல்ல. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லைன் வீட்டு எண். லாபு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயரிலேயே ‘பகுதி 1’, ‘பகுதி 4’ என்று டிவிஷன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடிதம் பெரும்பாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். இப்படிப்பட்ட வீட்டில் வாழும் ஒருவரிடம், வரையறையில் ‘தெரு: கட்டாயம்’ என்று எழுதப்பட்ட பாரம் வந்தால் என்ன ஆகும்? சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். அவர் ஒரு புள்ளியோ ‘இல்லை’ என்ற சொல்லோ போட்டுக் கடந்துபோவார். மறுமுனையில் அது அரைகுறை முகவரியாகப் பதிவாகும்.

பெயருக்கும் இதே கதிதான். ‘எழுத்துகள் மட்டும்’ என்று வரையறை சொன்னால், நம் அடையாள அட்டையில் உள்ள ‘ஏ/எல்’, ‘ஏ/பி’க்கு நடுவே நிற்கும் சாய்கோட்டை அது ஏற்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பாரங்களோ, நமக்கு இல்லாத குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும்.

வருமானம் இன்னும் சிக்கலானது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஆனால் செம்பனைக் குலை வெட்டுபவரின் கையில் வரும் தொகை விளைச்சலையும் மழையையும் பொறுத்து மாதத்துக்கு மாதம் மாறும். ‘மாத வருமானம்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால், அவர் எந்த மாதத்தை எழுதுவது? நல்ல விளைச்சல் மாதத்தை எழுதினால் உதவிக்கான வரம்பைத் தாண்டிவிடலாம். மகளின் கல்வி உதவி விண்ணப்பத்தில் அந்த ஒரு எண்ணுக்கு என்ன விலை என்று சொல்லத் தேவையில்லை.

இதில் நிரலாளருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. தாமான் வீட்டில் வளர்ந்தவருக்கு முகவரி என்றால் எண், ஜாலான், தாமான். தனக்குத் தெரிந்ததை அவர் வரையறையாக எழுதுகிறார்; மென்பொருள் அதை லட்சக்கணக்கான திரைகளில் வரைகிறது. கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது அரசியலும்தான் என்பதை மற்றவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சில், பாடுவின் சில கேள்விகள் தங்களுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி சரவாக் மாநில அரசு பதிவுப் பணியை நிறுத்தியது. அவர்களுக்கு ஒரு மாநில அரசு இருந்தது. தோட்டத்துக்கு யார் பேசுவது?

நல்ல செய்தி என்னவென்றால், திரை வரையறையிலிருந்து பிறப்பதால் திருத்தமும் அதே ஓரிடத்தில்தான். ‘முதலாளி தந்த வீட்டில் வசிக்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி சேர்க்கலாம். ‘ஆம்’ என்றால் தெருக் கட்டம் மறைந்து தோட்டம், டிவிஷன், லைன் எண் தோன்றட்டும். ‘சம்பளம் எடைக் கணக்கிலா?’ என்பதற்கு ‘ஆம்’ என்றால், ஒரு கட்டத்துக்குப் பதில் கடந்த மாதங்களுக்கான கட்டங்கள் வரட்டும். தொழிலாளர்களின் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446 இருக்கிறது. அரசாங்கத்தின் சட்டத்துக்குத் தெரிந்த வீட்டை அரசாங்கத்தின் பாரமும் தெரிந்துகொள்ளலாமே?

மொழியும் அப்படியே. களக் கணக்கெடுப்புகளுக்கு உலகெங்கும் பயன்படும் ‘எக்ஸ்எல்எஸ்ஃபார்ம்’ முறையில், முழுப் பாரமும் ஒரு எக்செல் அட்டவணைதான். கேள்விகளுக்குத் தமிழில் ஒரு நெடுவரிசை சேர்த்தால், கைப்பேசியில் தமிழ்த் திரை வந்துவிடும். மலாய்ப் பாரத்தைப் பேரப்பிள்ளை வந்து படித்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பாட்டிக்கு அந்த நெடுவரிசை போதும்.

கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஏழைகளிடமே அதிக விவரம் பிடுங்குவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாடு தொடங்கிய நாளிலேயே, பிறருடைய அடையாள அட்டை எண்ணை வைத்து அவர் பெயரில் பதிவு செய்துவிட முடிகிறது என்று முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். பிறகே அது சரிசெய்யப்பட்டது. ஆகவே தேவையில்லாத கேள்வியே கூடாது. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த ‘புடி95’ திட்டத்தில் மைகார்ட் காட்டினாலே ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நீண்ட பாரம் தேவைப்படவில்லை. பாரம் இல்லாமல் முடியுமென்றால் அதுவே சிறந்தது. முடியாத இடத்தில், கேள்வி கேட்கப்படுபவரின் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும்.

தோட்டத்து மண்டபத்திலும் கோயிலிலும் பெரியவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பது பெரும்பாலும் நம் வயதுப் பிள்ளைகள்தான். ‘எப்படியோ அனுப்பிவிட்டோம்’ என்று அதோடு விட்டுவிடாமல், எந்தக் கட்டத்தில் சிக்கினோம், திரை என்ன பிழை காட்டியது, என்ன போட்டுச் சமாளித்தோம் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். பத்துக் குடும்பங்களின் குறிப்பு சேர்ந்தால், துறையிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோக வலுவான மனு ஆகும். கணினி படிப்பவர்கள் ஒரு படி மேலே போய், திருத்திய வரையறையையே எழுதி இணைக்கலாம். ‘எங்களுக்குக் கஷ்டம்’ என்ற புகாரைவிட, ‘இந்த வரியை இப்படி மாற்றுங்கள்’ என்ற கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கடினம்.