பூட்டு எந்தப் பக்கம்?

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. மகத் நகரின் சவுதார் குளமும் அப்படித்தான். எல்லாருக்கும் பொது என்று 1924இல் நகராட்சி தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் போய்த் தண்ணியை அள்ளிக் குடிக்கிறவரைக்கும் அது வெறும் காகிதம்தான்.

தொலைக்காட்சிக்கும் பூட்டு உண்டு, தோழர்களே. படத்தையும் ஒலியையும் அனுப்பும்போதே கலைத்துக் குழப்பி அனுப்புறாங்க. சில நொடிக்கு ஒருதரம் சாவி மாறுது. அந்தச் சாவியும் மறைகுறியாக அதே அலையில் சேர்ந்தே வருது. பணம் கட்டியவரின் பெட்டிதான் அதைப் பிரித்தெடுக்கும். சேரிக் கூரைமேலயும் அலை விழுது. படம் மட்டும் விழாது. 2003 செப்டம்பரில் கட்டணச் சேனல்களுக்கு இந்தப் பெட்டி முறை சென்னைக்கு வந்தது.

இதையும் தீண்டாமை என்று சிலர் பேசுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். இது காசு குடுத்தா திறக்கிற பூட்டு. டீக்கடைத் தனிக்குவளை காசு குடுத்தும் மாறல. ரெண்டையும் ஒண்ணாக்கினால் சாதி தப்பிச்சுக்கும். 'கள்ளத்தனமா உடைச்சுப் பார்த்தா என்ன?' என்பவர்களும் உண்டு. உடைத்து உள்ளே போய் எதைப் பார்க்கப்போகிறோம்? நம்மைக் கேட்காமல் நம்மைப் பற்றிப் பேசுகிறவர்களைத்தானே!

சரி, பூட்டில்லாத இடத்துக்கே வருவோம். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் இலவச டிஷ் சேவையைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் பெட்டியும் ஒருதரம் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் அதில் இடம்பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலம் எடுக்கணும். பார்க்கிறவர் பக்கம் கதவு திறந்திருக்கு, பேசுகிறவர் பக்கம் ஏலம் நடக்குது. ஏலத்துக்குக் காசு யாரிடம் இருக்கு? தலைமுறை தலைமுறையாக நிலமும் தொழிலும் யார் கையில் இருந்ததோ அவர்களிடம். காசுப் பூட்டும் சாதிப் பூட்டும் ஒண்ணா சேருவது இங்கேதான். ஊர்க்கூட்டத்தில் நம்மை ஓரமா நிறுத்தி, 'நீ கேளு, நாங்க பேசுறோம்' என்றார்களே, அதேதான் இது.

ஆகவே நம் கோரிக்கை மலிவான பெட்டி அல்ல. பிரசார் பாரதி நடத்தும் இந்த இலவசச் சேவையில் தலித்துகள் நடத்தும் சேனல்களுக்கு ஏலமில்லாத இடம் ஒதுக்க வேண்டும். கேமராவும் எடிட்டிங்கும் கற்ற பிள்ளைகள் நம்ம தெருவிலேயே இருக்காங்க. இது சலுகை அல்ல, பொதுச்சொத்தில் நமக்குள்ள பங்கு. மாணவத் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமா வையுங்க. தீர்மானம் காகிதமாகவே கிடக்காமப் பார்த்துக்கிறதும் நம்ம வேலைதான்.